நிகழாத விபத்தின் கணக்கு

இதுவரை நேராத தீங்கு இனியும் நேராது என்று கூறி மக்களை அமைதிப்படுத்துவது ஆட்சியாளரின் பழைய வழக்கம். அவ்வாறுதல் எத்துணை உறுதியானது என்பதை அளந்து காட்டிய கணக்கொன்று உண்டு.

ஆங்கிலப் போதகரான தோமஸ் பேயிஸ் 1761இல் மறைந்தார். அவர் எழுதிவைத்த கட்டுரையை நண்பர் ரிச்சட் பிரைஸ் 1763இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டுக்கு அளித்தார். முன்னர்க் கொண்ட மதிப்பீட்டைப் புதிய சான்று கிடைக்குந்தோறும் திருத்திக்கொள்ளும் முறைக்கு அக்கட்டுரையே வித்தாயிற்று. நிகழ்ந்தவற்றை மட்டும் எண்ணிக் கணிக்கும் புள்ளிவிபரவியலாளர் பலர் பிற்காலத்தில் இம்முறையை ஏற்க மறுத்தனர். எனினும், ஒருமுறையேனும் நிகழாத விபத்தை அவர்கள் எவ்வாறு எண்ணுவர்?

ஐதரசன் குண்டு இவ்வினாவை உயிர்ப்பிரச்சினை ஆக்கியது. ஐக்கிய அமெரிக்காவின் றாண்ட் நிறுவனத்தில் பிரெட் இக்கிளே என்பவர் 1958இல் தற்செயலான அணுவெடிப்புப் பற்றி ஓர் ஆய்வறிக்கை தயாரித்தார். அதில் பங்குகொண்ட புள்ளிவிபரவியலாளர் அல்பேட் மடான்ஸ்கி, பேயிஸ் காட்டிய வழியை நாடினார்.

குண்டுகள் 10,000 முறை கையாளப்பட்டு, ஒன்றும் வெடிக்கவில்லை எனக் கொள்வோம். அபாயம் எவ்வளவாகவும் இருக்கலாம் என்று நடுநிலையில் நின்று கணக்கிட்டால், அடுத்த 10,000 முறையும் விபத்தின்றிக் கழிவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழப் பாதியே. குண்டுகளும் அவற்றைச் சுமக்கும் விமானங்களும் பெருகப் பெருக, கடந்தகால அமைதி அளிக்கும் உறுதி தேய்கின்றது. இருவர் இணைந்தாலன்றிக் குண்டை இயக்க இயலாத ஏற்பாடும், குறியீட்டுப் பூட்டுகளும் இத்தகைய சிந்தனையிலிருந்தே வலுப்பெற்றன.

1966 ஜனவரி 17இல் ஸ்பானியாவின் பலோமறெஸ் கிராமத்தின் மேலே, நான்கு ஐதரசன் குண்டுகளைச் சுமந்த அமெரிக்க விமானம் எரிபொருள் ஊட்டிய விமானத்துடன் மோதிச் சிதறியது. விமானிகள் எழுவர் மாண்டனர். ஒரு குண்டு கடலில் வீழ்ந்தது. நிலத்தில் வீழ்ந்த மூன்றனுள் இரண்டின் சாதாரண வெடிமருந்து வெடித்து, புளூட்டோனியம் வயல்களிற் பரவியது. அணுவெடிப்பு நேரவில்லை. 1968இல் கிறீன்லாந்தின் தூலேயிலும் குண்டு சுமந்த விமானம் வீழ்ந்த பின்னரே அப்பறப்புகள் நிறுத்தப்பட்டன.

பலோமறெஸ் உழவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. அபாயத்தைக் கணித்தோர் ஓரிடம். அதனைச் சுமந்தோர் வேறிடம். கணிதம் பூட்டைத் தந்தது, குண்டை அகற்றவில்லை. அணுக்குண்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஒழிக்கும் பொறுப்பு, அவற்றின் நிழலில் வாழும் மக்களாகிய நம்முடையதே.