திருத்தணிக்காரரின் புத்தகமும் மூன்று நாட்டுச் சட்டமும்

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். திருப்பதி, வேலூர், சென்னை என்று படித்து, 1921-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியரானார். அவருடைய ‘இந்தியன் பிலாசபி’யின் முதல் பாகத்தை 1923-இலும் இரண்டாம் பாகத்தை 1927-இலும் லண்டன் ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் நிறுவனம் வெளியிட்டது.

இரண்டாம் பாகம் வம்பையும் கூடவே கொண்டுவந்தது. தம் ஆய்வேட்டின் பகுதிகள் அதில் எடுத்தாளப்பட்டிருப்பதாக மீரட் கல்லூரியின் ஜாதுநாத் சின்ஹா 1929-இல் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் எழுதினார். ஆகஸ்டில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் 20,000 ரூபாய் கேட்டு வழக்கும் போட்டார். ராதாகிருஷ்ணன் குற்றச்சாட்டை மறுத்து, ஒரு லட்சம் ரூபாய் கேட்டுப் பதிலுக்கு மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1933-இல் இரு தரப்பும் சமரசமாகிவிட்டதால், யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

லண்டன் புத்தகத்துக்குக் கல்கத்தாவில் வழக்கா? பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத்தான் சில மாற்றங்களோடு 1914-இல் இந்தியாவிலும் சட்டமாக்கியிருந்தார்கள்; அதனால் இங்கும் வழக்குப் போட முடிந்தது.

பிரிட்டிஷ் பேரரசுக்கு வெளியே கைகொடுத்தது 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தம். அதில் சேர்ந்த நாடு, உள்ளூர் எழுத்தாளருக்குத் தரும் பாதுகாப்பை மற்ற உறுப்பு நாட்டு எழுத்தாளருக்கும் தரவேண்டும். பதிவு செய்தாயா என்று கேட்கக் கூடாது. இந்தியா 1928-இல் தன் பெயரிலேயே உறுப்பினரானது. அமெரிக்காவோ 1989 வரை சேரவில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன் அது. ஊர் மாநிலம் மாறினாலும் பதிப்புரிமை மாறாது. அரசியல் சட்டப்படி அது மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டது.

நாட்டு எல்லை என்றால் கதை வேறு. ராதாகிருஷ்ணன் 1975-இல் காலமானார். ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்பது இந்தியக் கணக்கு. ஆக, இங்கே அவர் நூல்களுக்கு 2035 இறுதிவரை காவல் உண்டு. பிரிட்டனில் 70 ஆண்டு. அங்கே 2045 வரை. அமெரிக்கா அக்காலத்து நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு எண்ணுகிறது. அதனால் முதல் பாகம் 2019-இலும் இரண்டாம் பாகம் 2023-இலும் அங்கே பொதுச்சொத்தாகிவிட்டன.

அதற்காக அமெரிக்காவில் அச்சடித்த பிரதிகளை மூட்டைகட்டிக் கொண்டுவந்து சென்னையில் விற்க முடியாது. இந்தியச் சட்டத்தின் 51ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி கொண்டுவர மட்டும் அது விலக்கு அளிக்கிறது.