1 டன் வண்டியும் 3 பெட்டியும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. குடோன் இருப்புக் கணக்கு பாக்குற மென்பொருள் எங்க டீமோடது. திரையில 40 பெட்டி, ராக்குல 37. "எண்ணிப் பாத்துச் சொல்லுங்க"ன்னு வாடிக்கையாளருக்கு ஒரு மடல் தட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். எண்ணப் போற ஆளைப் பத்தி யோசிச்சதே இல்ல, ராபர்ட் வில்லியம்ஸ் பத்திப் படிக்கிற வரைக்கும்.

1979 ஜனவரி 25. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஃப்ளாட் ராக்கில் ஃபோர்டு கம்பெனியின் வார்ப்பு ஆலை. அஞ்சு மாடி உயரத்துக்கு ராக். வார்ப்புகளை அதிலிருந்து எடுத்துக் கொடுக்க லிட்டன் நிறுவனத்தின் தானியங்கி. அது காட்டின எண்ணிக்கை தப்புன்னு சிலர் எழுதுறாங்க, வேகம் போதலன்னு சிலர். எதுவோ, கையால எடுக்க 25 வயசு வில்லியம்ஸ் மேல ஏறினார். மெஷின் ஓடிக்கிட்டேதான் இருந்தது. 1 டன் வண்டி வந்து தலையில் மோதி, அங்கேயே உயிர் போச்சு. உடலைப் பாக்கவே அரை மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் வண்டி தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்தது.

ரோபோ கொன்ன முதல் மனிதர்னு பல பேர் 1981ல் ஜப்பானின் கவாசாகி ஆலையில் இறந்த கென்ஜி உராடாவைச் சொல்வாங்க. இவர் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

அசிமோவ் 1942லயே ரோபோவுக்கு மூணு விதி எழுதிட்டார், மனுஷனுக்குத் தீங்கு செய்யாதேன்னு. சுஜாதாவோட ஜீனோவா இருந்தா நின்னு பேசியிருக்கும். இது சொன்ன தட்டுக்குப் போற வண்டி, அவ்வளவுதான். பக்கத்துல வந்தா ஒரு மணிகூட அடிக்கலங்கறதுதான் குடும்பத்தோட வாதம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கறதால முதலாளி மேல வழக்குப் போடறது அங்க கஷ்டம். மெஷின் செஞ்சவங்க மேல போட்டாங்க. 1983ல் ஜூரி 1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது.

பழுது பார்க்க உள்ள போறதுக்கு முன்னாடி மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சீட்டு மாட்டணும்கற விதி அமெரிக்கா முழுக்க 1989ல்தான் வந்தது. பத்து வருஷம்!

நேத்து அதே 3 பெட்டி டிக்கெட் திரும்ப வந்தது. மடல்ல ஒரு வரி சேத்தேன்: "ராக்குல ஆள் ஏறுறதுக்கு முன்னாடி மெஷினை நிறுத்திடுங்க." மேனேஜர் எட்டிப் பாத்துட்டு, "இது நம்ம ஸ்கோப்ல இல்லையேப்பா"ன்னார்.

அதுக்குள்ள மடல் போயிருச்சு.