சின்னம் இல்லாத வாக்குச்சீட்டு

கட்சி இல்லாத ஜனநாயகத்தை ஏட்டுக் கனவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 டிசம்பரில் எங்கள் சேவூரில் வாக்களிக்கப் போனவர்கள் கையில் நான்கு சீட்டுகள் இருந்தன. மாவட்ட ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் உரியவற்றில் கட்சிச் சின்னங்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் சீட்டுகளில் பூட்டு சாவி, ஆட்டோ போன்ற பொதுச் சின்னங்கள். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் சட்டப்படி கட்சிகள் போட்டியிடுவதில்லை.

இதற்கு முன்னோடியாக உத்திரமேரூரைச் சொல்வார்கள். வந்தவாசியைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகள், கட்சி இல்லை, பிரச்சாரம் இல்லை. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்படக் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அந்தக் குடத்துக்குள் ஒரு பெண்ணின் பெயரும் விழ வழியில்லை.

நவீன இந்தியாவில் இதைக் கோட்பாடாக்கியவர்களில் எம்.என். ராய் 1948இல் தன் கட்சியையே கலைத்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் கட்சியை விட்டு பூதானத்துக்குப் போனார். கிராமம் கூடி ஒருமனதாக முடிவெடுக்கும் ஆட்சியை 1959இல் முன்வைத்தார். அவரே 1977இல் ஜனதா கட்சி பிறக்கக் காரணமானார். அதை முரண் என்பார்கள். நெருக்கடி நிலையை வீழ்த்த ஓர் அமைப்பு தேவைப்பட்டது என்றே நான் படிக்கிறேன்.

என் கேள்வி அந்த 'ஒருமனது' பற்றியது. கிராமத்தை அறியாமையின் குகை என்று அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சாடியதை மறக்கக் கூடாது. கட்சி விலகிய இடம் காலியாக இருப்பதில்லை. சாதியும் பங்காளிக் கூட்டமும் வீட்டுக்காரரும் அதில் வந்து உட்காருகிறார்கள். மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசன் 1997இல் கொல்லப்பட்டது கட்சிச் சண்டையால் அல்ல. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020இல் வெளிவந்தது. அவர் வென்ற சீட்டிலும் கட்சிச் சின்னம் இல்லை. கட்சியையாவது அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். ஊர்க்கட்டுப்பாட்டுக்கு ஏது தேர்தல்?

பெண்களை உள்ளே கொண்டுவந்தது கட்சியின்மை அல்ல, சட்டம். 73ஆவது திருத்தத்துக்குப் பின் 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு. 2016 சட்டத்திருத்தத்தில் பாதி. அதன் பிறகும் சுவரொட்டியில் கணவர் படம் பெரிதாக இருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவர் பேனாவை மூடிவைத்தால் தெருக்குழாய்கூட வராது.

எங்கள் ஊரின் பட்டுத்தறி இதை எளிதாகச் சொல்லித் தரும். தார் சுற்றுவதும் அறுந்த இழை முடிவதும் பெரும்பாலும் பெண்கள். புடவைக்குக் கூலி பேசுவது ஆண். தறி வீட்டுக்குள் இருப்பதால் அந்த உழைப்புக்குப் பெயர் 'ஒத்தாசை'. கிராமசபையிலும் பெண்களை ஒத்தாசைக்கே அழைக்கிறார்கள்: கோரம் நிரம்பக் கையெழுத்து வேண்டும், பேச்சு வேண்டாம்.

கட்சியற்ற ஜனநாயகத்தை நான் எதிர்க்கவில்லை. சின்னத்தை எடுத்தால் மட்டும் போதாது என்கிறேன். கிராமசபையில் வரவு செலவைப் பெண்கள் உரக்கக் கேட்கவும், கேட்டவள் அச்சமின்றி வீடு திரும்பவும் முடிகிற நாளில்தான் அது ஜனநாயகம்.