ஒரு நிமிஷ எண்ணிக்கையின் கதை

"உங்க காலத்து விஷயம் ஏதாவது எழுதிக் கொடுங்க அக்கா" என்று மலர்க் குழுவினர் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. விடுதிச் சாம்பாரைப் பற்றியும் மாடிப்படியில் சறுக்கி விழுந்ததைப் பற்றியும் என் செட்டில் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் மூச்சைப் பற்றி எழுதுகிறேன். நோயாளியின் மூச்சைப் பார்த்து அளக்க நாம் கற்றுக்கொண்ட கதையில் நம் வட ஆர்க்காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நம்மிலேயே பலருக்கு அது தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் வாலாஜாபேட்டை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோடு வரைதான் ஓடியது. 1866-இலேயே ஊர் நகராட்சியும் ஆகிவிட்டது. (இந்த இரண்டையும் சொல்லாமல் வாலாஜாக்காரர் யாரும் பேச்சை ஆரம்பிக்கமாட்டார், மன்னிக்கவும்.) ஊருக்குள் தறிச் சத்தம், பக்கத்தில் ராணிப்பேட்டையில் டேனரி வாடை. இருமலும் இழுப்பும் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் புதிதல்லாத விஷயத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

நானும் பார்க்கவில்லை. எழுபதுகளின் நடுவில், முதல் வருஷ மாணவியாகக் குழந்தைகள் வார்டில் இருந்தேன். டி.பி.ஆர். சார்ட்டில் டெம்பரேச்சரை ஒழுங்காக எழுதுவேன், பல்ஸைப் பாதி எண்ணுவேன், மூச்சை எண்ணவே மாட்டேன். பெரியவர்களுக்கு 20, குழந்தைகளுக்கு 24 என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அன்று ரவுண்டு வந்த சிஸ்டர் சார்ட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, வார்டுல இருக்கிற அத்தனை புள்ளைங்களும் பேசி வெச்சுக்கிட்டா மூச்சு விடுதுங்க?" என்றார். பிறகு ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தை என் கையில் கொடுத்து, "எண்ணு" என்றார். முழுசாக ஒரு நிமிஷம். 62. விலா எலும்புக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. அந்தக் குழந்தையின் அம்மா காலையிலேயே என்னிடம், "சிஸ்டரம்மா, ரெண்டு நாளா மேல்மூச்சு வாங்குதும்மா, பாலும் குடிக்க மாட்டேங்குது" என்று சொல்லியிருந்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு 24 என்று எழுதியிருந்தேன்.

குழந்தை பிழைத்தது. என் கையெழுத்தில் இருந்த அந்த 24-ஐ மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

எங்களுக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்த முறை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: பார், தொடு, தட்டு, கேள். இதில் தட்டுவது 1761-இல் வியன்னாவில் ஆவன்புருக்கர் எழுதி வைத்தது. அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி, மது எதுவரை நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அங்கே வழக்கம். மண்பானை வாங்கும்போது நம் பாட்டிமார் சுண்டிப் பார்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். நீர் கோத்த நெஞ்சு மந்தமாக ஒலிக்கும். கேட்பதற்குக் குழல் வந்தது 1816-இல். பாரிஸில் லேனெக் ஒரு பெண் நோயாளியின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் கேட்டார். நெஞ்சின் சத்தங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் சிலவற்றை இன்றும் சொல்கிறோம். அவரே 1826-இல் காசநோயில் போனார்.

நம் பக்கம் இந்த வித்தை வந்த வழி ஸ்கடர் குடும்பத்து வழி. மூத்த ஜான் ஸ்கடர் 1820 வாக்கில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கி, பிற்பாடு சென்னைக்கு வந்தவர். மகன் சைலஸ் 1866-இல் ஆற்காட்டில் ஆரம்பித்த ஆஸ்பத்திரிதான் பிறகு ராணிப்பேட்டையில் நிலைத்தது. பேத்தி ஐடா 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதை நான் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தை விட்டுவிடக் கூடாது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நோயாளி தன் நோவைத் தமிழில்தான் சொல்கிறான், கேட்கிறவனுக்கும் அந்தப் பாஷை வேண்டாமா? மேல்மூச்சு, இழுப்பு, நெஞ்சடைப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் வேறு வேறு சங்கதிகள் அல்லவா?

இத்தனை வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஸ்டெதஸ்கோப் டாக்டர் கழுத்தில் இருந்தது, நிமோனியாவோ கிராமத்தில் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். கிராமத்துச் செவிலியர் கையில் மருந்தைக் கொடுக்கலாம். ஆனால் எந்தக் குழந்தைக்கு வெறும் சளி, எந்தக் குழந்தைக்கு நிமோனியா என்று அவர் எதை வைத்துப் பிரிப்பார்? பாப்புவா நியூ கினியில் வேலை பார்த்த பிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் எண்பதுகளின் முதல் பாதியில் ஒரு யோசனை சொன்னார். காதை விட்டுவிடுங்கள், கண்ணால் பாருங்கள். இருமும் குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பதுக்கு மேல் மூச்சு விட்டால் மருந்து கொடுங்கள். நெஞ்சு உள்வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இது நம் ஊர்க் குழந்தைகளுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்த்தது வேலூரில், சி.எம்.சி.யில். தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான், எரிக் சிமோஸ், மார்க் ஸ்டைன்ஹாஃப், மெர்சி ஜான் ஆகியோர் எழுதிய கட்டுரை 1988 ஜூலையில் லண்டன் லான்செட் பத்திரிகையில் வந்தது. மொத்தம் 682 குழந்தைகள். ஒரு பகுதிக்கு நுரையீரலில் தொற்று, மற்றவர்களுக்கு மேலோடு நிற்கும் சளி. ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், அதைத் தாண்டிய சின்னப் பிள்ளைகளுக்கு 40-க்கு மேல் மூச்சு போனால் அது நுரையீரல் தொற்றை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது என்று கண்டார்கள். நெஞ்சு உள்வாங்குவதும் அடையாளம்தான். ஆனால் படுக்கையில் சேர்க்கத் தேவையில்லாத லேசான நோயை அது காட்டவில்லை. மூச்சு வேகம் அதையும் காட்டியது.

அந்தக் கட்டுரையில் என்னை உட்கார வைத்தது இன்னொரு வரி. குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது என்று வீட்டார் சொல்வதும் நம்பத்தகுந்த அடையாளம் என்று இருந்தது. மேல்மூச்சு வாங்குதும்மா என்று அன்று சொன்னவள் பரீட்சையில் பாஸ். நான்தான் ஃபெயில்.

1990 வாக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் விதி இப்படி நின்றது: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேகமான மூச்சு. நம் நாட்டில் 1992-இல் ஆரம்பித்த தாய் சேய் திட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் இது வந்து சேர்ந்தது. கையில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, காலத்தைச் சொல்ல ஒரு டைமர். குழந்தை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டு இருக்கக்கூடாது, சட்டையைத் தூக்க வேண்டும், முழு நிமிஷம் எண்ண வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பும், ஏனென்றால் சின்னக் குழந்தை சீராக மூச்சு விடாது. கேட்க எளிது. நாற்பது தாய்மார் வரிசையில் நிற்கும்போது செய்து பாருங்கள், தெரியும்.

பெரியவர்களிடம் எண்ணிக்கை மட்டும் போதாது. தொழிலையும் கேட்க வேண்டும். 1700-இலேயே இத்தாலியில் ரமாசினி இதைச் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் அதைக் கேட்காமல் விட்டால் பாதி நோய் பிடிபடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எந்த டேனரியானாலும், பஃபிங் மெஷினில் நிற்பவர் சுவாசிப்பது தோல் தூசியை. சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர் கதை வேறு. ராணிப்பேட்டையில் 1975 முதல் 1995 வரை ஓடிய குரோமேட் தொழிற்சாலை இன்னொரு கதை. தோல் பதனிடும் குரோமியம் ஒரு வகை, குரோமேட்டில் இருப்பது அதைவிடக் கொடிய வகை. அது மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை போடும், நுரையீரலில் புற்றும் வைக்கும். அதனால்தான் இருமலோடு வருகிறவரின் மூக்குக்குள்ளும் டார்ச் அடித்துப் பார் என்று என் மாணவிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிரிப்பார்கள்.

2020-இலும் 2021-இலும் எல்லார் வீட்டிலும் ஆக்ஸிமீட்டர் வந்துவிட்டது. அதன் மூலத் தத்துவத்தை 1974-இல் ஜப்பானில் கண்டுபிடித்த டகுவோ அயோயாகி, உலகமே அதைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் காலமானார். நல்ல கருவி, குறை சொல்லவில்லை. ஆனால் சில்லிட்ட விரலிலும் மருதாணி வைத்த விரலிலும் அது தடுமாறும். குழந்தை காலை உதறினால் எண் நிற்காது.

போன மழைக்காலத்தில் இரவு பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து மருமகள் போன் செய்தாள். மூன்று வயதுப் பேரனுக்கு ஜுரம், இருமல். "அத்தை, ஆக்ஸிமீட்டர் பேட்டரி போயிடுச்சு, என்ன பண்றதுன்னே தெரியல." தூங்குகிறானா என்று கேட்டேன். தூங்குகிறான். சட்டையைத் தூக்கி, போனை வயிற்றுப் பக்கம் காட்டச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் இங்கே எண்ண, அவள் அங்கே வாய்க்குள் எண்ண, ஒரு நிமிஷம் முடிந்தது. எனக்கு 36, அவளுக்கு 38. குழி விழவில்லை.

"ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு இன்னொரு தடவை எண்ணிடும்மா" என்றேன்.