பள்ளி விழாப் பிரார்த்தனை (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் பட்டமளிப்பு, விளையாட்டுப் போட்டி முதலிய வைபவங்களில் மேடையேறுவோர் இறைவனைத் துதிப்பதும், தம் சமய நம்பிக்கையை எடுத்துரைப்பதும் இத்தலைப்பின்கண் அடங்கும். 1791இல் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், அரசாங்கம் மதமொன்றை நிறுவுவதையும், மக்களின் வழிபாட்டுச் சுதந்திரத்திலும் பேச்சுச் சுதந்திரத்திலும் குறுக்கிடுவதையும் ஒருங்கே விலக்கியிருப்பதால், மேடையில் ஒலிக்கும் குரல் அரசாங்கத்தினுடையதா, தனி மனிதருடையதா என்பதே இச்சரித்திரம் முழுவதும் எழும் வினாவாகும்.

தொடக்கம்: 19ஆம் நூற்றாண்டில் பொதுப்பள்ளிகள் பரவியபோது, புராட்டஸ்டண்டு மரபுக்குரிய பைபிள் மொழிபெயர்ப்பைப் பள்ளியில் ஓதுவது பல இடங்களில் சம்பிரதாயமாயிருந்தது. அது கத்தோலிக்கக் குழந்தைகளின் மனச்சாட்சிக்கு ஒவ்வாததால் விளைந்த பூசல், 1844இல் பிலடெல்பியா நகரில் உயிர்ச்சேதத்துடன் மூண்ட கலகங்களுக்கு ஒரு காரணமாயிற்று.

வகுப்பறைத் தீர்ப்புகள்: நியூயார்க் மாகாணக் கல்வி ஆட்சிக்குழு இயற்றிய, ஆங்கிலத்தில் 22 சொற்களே கொண்ட பொதுப் பிரார்த்தனை, எம்மதத்தையும் பெயர் சுட்டாததாயினும், விரும்பாத மாணாக்கர் விலகியிருக்க இடமளித்ததாயினும், பிரார்த்தனை இயற்றுவது அரசாங்கத்தின் தொழிலன்று என்னும் நியாயத்தால் 1962இல் உச்ச நீதிமன்றத்தால் விலக்கப்பட்டது. மறு ஆண்டில் பள்ளிகள் நடத்திவந்த பைபிள் பாராயணமும் விலக்கப்பட்டது.

விழா மேடை: 1989இல் பிராவிடன்ஸ் நகர நடுநிலைப் பள்ளியொன்றின் பட்டமளிப்பு விழாவில், தலைமையாசிரியரின் அழைப்பை ஏற்று யூத குரு ஒருவர் பிரார்த்தனை செய்தார். அதிலிருந்து எழுந்த லீ - வைஸ்மன் வழக்கில், 1992இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றம், வாழ்வில் ஒருமுறை வரும் விழாவைத் துறந்து வீட்டிலிருக்கலாமே என்று குழந்தையிடம் சொல்வது உண்மையான சுதந்திரமாகாது என்றும், தோழர்களிடையே எழுந்து மௌனமாக நிற்பதே வழிபாட்டில் பங்குகொள்வதாகத் தோன்றும் என்றும் கண்டு, அவ்வழக்கத்தை விலக்கியது. டெக்ஸாஸின் சாண்டா பே பள்ளியில் மாணவர் வாக்களிப்பால் தேர்ந்த ஒருவர் கால்பந்தாட்டத்திற்கு முன் ஒலிபெருக்கியில் பிரார்த்திக்க வகுத்த ஏற்பாடும், சிறுபான்மையோரின் உரிமை பெரும்பான்மை வாக்குக்கு உட்பட்டதன்று என்னும் அடிப்படையில் 2000ஆம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று.

மாணவப் பேச்சாளர்: மாணவர் தாமே இயற்றும் உரையில் சமயத்தைப் பேசுவது பற்றி நீதிமன்றங்கள் ஒருமித்த அபிப்பிராயம் கொள்ளவில்லை. புளோரிடாவில் மாணவர் தேர்ந்தெடுத்த ஒருவர் பள்ளியின் தணிக்கையின்றி இரண்டு நிமிஷம் பேசும் முறை 2001இல் மேல்முறையீட்டில் நிலைத்தது. கலிபோர்னியாவிலோ, பட்டமளிப்பு உரையில் மதப்பிரசாரமான பகுதியைப் பள்ளி நீக்கியது சரியென 2003இல் தீர்ந்தது. அதே ஆண்டில் மத்தியக் கல்வித்துறை, பேச்சாளர் நடுநிலையான முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, உரையின் பொருளும் பெரும்பாலும் அவர் வசமே இருப்பின், அது பள்ளியின் கூற்றாகாது என்று அறிவுறுத்தியது. சமய வாழ்த்தை விழைவோர், பட்டமளிப்பையொட்டித் தனியார் நடத்தும் வழிபாட்டில் கூடுவதும் உண்டு.

அண்மைக் காலம்: ஆட்டம் முடிந்தபின் மைதானத்தில் மண்டியிட்டுத் தனியே பிரார்த்தித்த வாஷிங்டன் மாகாணப் பள்ளிப் பயிற்சியாளரின் உரிமையை 2022இல் அறுவருக்கு மூவர் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது, எனினும் 1992, 2000 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளை அது ரத்து செய்யவில்லை. ஆகவே, தன் நெஞ்சிலிருந்து இறைவன் பெயரைச் சொல்ல விழையும் மாணாக்கனையும், அப்பெயருக்கு எழுந்து நிற்க மனம் இசையாத மாணாக்கனையும் ஒரே திருத்தத்தின் நிழலில் காப்பதே பள்ளியின் தர்மமாக இன்றும் நிலைத்திருக்கிறது.