முதல் ஏர் ரைஃபிள்: பார்ட்ஸ் மாற்றலாமா, அப்படியே விடலாமா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய 6 பதக்கங்களில் 3 துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அதைப் பார்த்து பிள்ளைக்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கிக் கொடுத்த வீட்டில், அடுத்த வாரமே கேள்வி வரும்: ஸ்கோப் போடலாமா? ஸ்பிரிங் மாத்தலாமா?

முதல் வருஷம் பெரும்பாலும் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஸ்பிரிங் மாற்றினால் என்ன ஆகும்?

இதுதான் ஆபத்தான இடம். இந்தியாவில் 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் சக்திக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும். அரை கிராம் பெல்லட் நொடிக்கு சுமார் 283 மீட்டர் வேகத்தில் போனாலே 20 ஜூல் வந்துவிடும். 'பவர் ஏத்தித் தர்றோம்' என்று யாராவது ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தால், சட்டச் சிக்கல் உங்கள் தலையில்தான்.

அந்த பவரால் லாபமும் கிடையாது. சர்வதேச 10 மீட்டர் போட்டிக்கான ரைஃபிள்களே நொடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன. குறி வைக்கும் 10-வது வளையத்தின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். அங்கே வேகம் எதற்கு? ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உதறல் தொடங்கிவிடும். ஸ்பிரிங் கடினமானால் உதறலும் கூடும், குறியும் சிதறும்.

ஸ்கோப்?

10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. போட்டிதான் இலக்கு என்றால் அது வீண் செலவு. சும்மா பயிற்சிக்குத்தான் என்றாலும், சாதாரண ஸ்கோப் ஸ்பிரிங் துப்பாக்கியின் முன்பின் உதறலில் சீக்கிரமே பழுதாகலாம். ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததைத்தான் வாங்கணும்.

அப்போ எதை மாற்றலாம்?

பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துவதை. கட்டை நீளமாக இருந்தால் சின்னத் தோள் பின்னால் வளையும், கன்னம் சரியாகப் படியாது. பட் பிளேட்டையும் கன்னம் வைக்கும் இடத்தையும் சரிசெய்வதில் தப்பே இல்லை. ட்ரிகர் ரொம்பக் கடினமாக இருக்கா? கம்பெனியே கொடுத்த திருகாணி இருந்தால் அதோடு நிறுத்துங்கள். உள்ளே அரம் போட்டுத் தேய்ப்பது வேண்டாம், தானாக வெடிக்கும் அபாயம் உண்டு.

கையில் காசு இருந்தால் பெல்லட்டில் போடுங்கள். ஒரே துப்பாக்கி ஒரு பிராண்டு பெல்லட்டை ஒரே இடத்தில் அடிக்கும், இன்னொன்றைச் சிதறடிக்கும். மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ரவுண்டு சுட்டு, ஓட்டைகள் நெருக்கமாக விழுவதை வைத்துக்கொள்ளலாம். குறி தப்ப ஆரம்பித்தால் முதலில் கட்டையின் திருகாணிகளைப் பாருங்கள், உதறலில் அவை அடிக்கடி தளரும். பெல்லட் போடாமல் வெறுமனே சுட்டால் பிஸ்டன் சீல் கெடும். வீட்டில் 'டிரை பிராக்டிஸ்' என்று இதைச் செய்து கெடுப்பவர்கள் நிறைய.

பிள்ளை போட்டி லெவலுக்கு வந்துவிட்டால், இந்த ரைஃபிளை எவ்வளவு மாற்றினாலும் போட்டி ரைஃபிள் ஆகாது. அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். புதிதாக வாங்கும் முன், பக்கத்து ரைஃபிள் கிளப்பில் போட்டி ரைஃபிளைப் பயிற்சிக்குத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.