கராஜ் இன்க்.

கராஜ் இன்க். என்பது அமெரிக்க திராஷ் மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்கா 1998 நவம்பரில் வெளியிட்ட இரட்டைக் குறுந்தட்டுத் தொகுப்பு ஆகும். ஒருவர் முன்னரே வெளியிட்ட பாடலை மற்றொருவர் தம் பாணியில் இசைத்துப் பதிவு செய்வது கவர் எனப்படும். இத்தொகுப்பின் 27 பதிவுகளும் அத்தகையவையே. குழுவினர் தாமே இயற்றிய பாடல் ஒன்றுகூட இதில் இல்லை.

பின்னணி

1981ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கப்பட்ட மெட்டாலிக்கா, தொடக்கக்கால மேடைகளில் பெரும்பாலும் பிறர் பாடல்களையே இசைத்தது. அவை யாருடையவை என்று மேடையில் அறிவிக்கும் வழக்கம் இருக்கவில்லை. ஆதலால் கேட்டவர் பலர் அவற்றை மெட்டாலிக்காவின் பாடல்கள் என்றே எண்ணினர்.

அவற்றுள் முதன்மையானவை இங்கிலாந்தின் டயமண்ட் ஹெட் குழுவின் பாடல்கள். அக்குழு 1980இல் தானே வெளியிட்ட முதல் இசைத்தட்டு, பெயர்கூட அச்சிடாத வெள்ளை உறையில் 1000 படிகள் மட்டுமே வெளிவந்தது. டென்மார்க்கில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், 1981 கோடையில் இங்கிலாந்து சென்று அக்குழுவினரின் வீடுகளில் சில வாரங்கள் தங்கியிருந்தார். அந்த இசைத்தட்டில் இருந்தவை ஏழு பாடல்கள். அவற்றுள் நான்கு கராஜ் இன்க். தொகுப்பில் உள்ளன.

உள்ளடக்கம்

இரண்டாம் தட்டு 1984 முதல் 1995 வரையிலான பழைய பதிவுகளின் திரட்டு. இதன் சிறந்த பகுதி 1987இல் வெளியான ஐந்து பதிவுகள் கொண்ட சிறு தொகுப்பாகும். 1986இல் சுவீடனில் நேர்ந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தபின், அவரிடத்திற்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டுடன் குழு வெளியிட்ட முதல் படைப்பு அது. கடைக்காரர் கூடுதலாக விற்காதிருக்க, 5.98 டாலர் என்ற விலையையே தலைப்பில் சேர்த்திருந்தனர். பின்னர் அது அச்சில் இல்லாமற் போயிற்று, கள்ளப்பதிப்புகளே பெருகின.

முதல் தட்டின் பெரும்பகுதி 1998இல் பாப் ராக்கின் தயாரிப்பில் பதிவானது. டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட் குழுவின் ஐந்து பாடல்களை இணைத்த பதினொரு நிமிடக் கோவை இதில் குறிப்பிடத்தக்கது. விஸ்கி இன் த ஜார் என்பது அயர்லாந்து நாட்டார் பாடல். தின் லிசி குழுவின் 1972ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றிய இப்பதிவு 2000இல் கிராமி விருது பெற்றது. டியூஸ்டேஸ் கான் மட்டும் 1997இல் வானொலி நிலையம் ஒன்றில் பதிவானது. அதன் மூலக் குழுவான லினர்ட் ஸ்கினர்டின் கேரி ரோசிங்டனே அதில் கிட்டார் வாசித்துள்ளார். நிக் கேவின் லவர்மேன் பாடல் மட்டும் சற்று நீண்டுவிட்டது எனலாம்.

உரிமத்தொகை

கவர் பாடல் விற்கும்போது மூலப்பாடலை இயற்றியவருக்குப் பங்கு சேரும். 1998இல் அமெரிக்கச் சட்டம் வகுத்த வீதம், ஐந்து நிமிடத்திற்கு மேற்படாத பாடலுக்குப் படி ஒன்றுக்கு 7.1 சென்ட். கேட்பதற்குச் சிறு தொகைதான். ஆனால் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்ற தொகுப்பில் நான்கு பாடல்கள் இருப்பது பெரிய வருவாய். மெட்டாலிக்கா வழியே வந்த உரிமத்தொகையே இசையில் நிலைத்திருக்கத் துணைபுரிந்ததாக டயமண்ட் ஹெட்டின் கிட்டார் கலைஞர் பிரையன் டாட்லர் கூறியுள்ளார்.

2020இல் டயமண்ட் ஹெட் தன் முதல் இசைத்தட்டை மீண்டும் பதிவு செய்து வெளியிட்டது. அதில் கூடுதலாகச் சேர்த்த கவர் பாடல்களுள் ஒன்று மெட்டாலிக்காவின் நோ ரிமோர்ஸ்.